உழைப்பு வேறு, பயிற்சி வேறு: வடசென்னை முதியவர்களின் உடலும் மனமும்

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு பெரியவர் தனக்கு மனச்சோர்வு என்று சொல்லிக் கேட்க முடியாது. 'ஒரே பேஜாரா கீதுபா' என்பார். பாரசீகத்தில் 'பேஸார்' என்றால் சலித்துப்போன, வெறுத்துப்போன என்று பொருள். உருது வழியாகச் சென்னைக்கு வந்த இந்தச் சொல்லை, கடன்காரன் தொல்லை முதல் மழைக்காலத்தில் கூரை ஒழுகுவது வரை எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டோம். அதன் பழைய கனம் இப்போது காதில் விழுவதில்லை. அதே பெரியவர் மருத்துவரிடம் போனால் அந்தச் சொல்கூட வராது. கை கால் அசதி, ராத்திரியில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எல்லாவற்றையும் உடம்பின் கணக்கில் எழுதிவிடுவார். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், சத்து மாத்திரை எழுதுவார்கள். பேஜார் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இப்படி மறைந்துபோகும் துயரத்தின் அளவை நாடு தழுவிய ஒரு கணக்கெடுப்பு காட்டியது. முதுமை குறித்து இந்திய அரசு நடத்தும் 'லாசி' தொடராய்வின் முதல் சுற்று 2017-18ல் நடந்தது. 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் துணைவருமாக 72,000க்கும் அதிகமானோரைச் சந்தித்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேரிடம் கடும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் தென்பட்டன. மருத்துவர் தனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றவர்களோ 0.8 சதவீதம்தான். பத்தில் ஒருவருக்குத்தான் தன் துன்பத்தின் பெயர் தெரிந்திருக்கிறது.

சென்னைக்கென்றே இன்னொரு கணக்கு இருக்கிறது. 2009ல் வெளியான அந்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்ட 25,455 சென்னைவாசிகள் இடம்பெற்றார்கள். மொத்தத்தில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. ஆனால் மொத்தக் கணக்கைவிட அதன் உட்பிரிவுதான் முக்கியம்: குறைந்த வருமானம் உள்ளவர்களிடையே 19.3 சதவீதம், வசதியானவர்களிடையே 5.9. மூன்று மடங்குக்கும் மேல். துறைமுகத்துச் சுவரை ஒட்டி வாழும் தெருக்கள் எந்த எண்ணின் பக்கம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருந்துச் சீட்டின் அடியில் மருத்துவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் ஒரு வரி உண்டு: 'வாக்கிங் போங்க.' சர்க்கரைக்காகச் சொல்லப்படுவது அது. மனசுக்கும் அது மருந்தாகுமா?

ஆகும் என்பதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வு. ஐம்பது வயதை எட்டிய, கடும் மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்ட 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை. இன்னொரு குழு வாரம் மூன்று நாள் கூடி, மேற்பார்வையில் வேகமாக நடந்தது அல்லது மெதுவாக ஓடியது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்து நோய் நீங்கியவர்கள் மாத்திரைக் குழுவில் 68.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 60.4, இரண்டும் செய்தவர்களில் 65.5. புள்ளியியல் நோக்கில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. மாத்திரை முதல் சில வாரங்களில் சீக்கிரம் பலன் தந்தது. பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. பத்தாம் மாதம் திரும்பிப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். குணமானவர்களில் மறுபடி சோர்வில் விழுந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 38 சதவீதம், பயிற்சிக் குழுவில் 8 சதவீதம்.

இந்த எண்களைக் கண்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் உடற்பயிற்சி செய்ய விரும்பி வந்தவர்கள். அவர்கள் தனியாக நடக்கவில்லை, கூட்டமாக நடந்தார்கள். வெறும் சர்க்கரை உருண்டை தரப்பட்ட குழு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லை. இந்தக் குறைகளை உணர்ந்த அதே குழு 2007ல் 202 பேருடன் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இம்முறை மருந்தில்லாத போலி மாத்திரையும் இருந்தது. குணமானவர்கள்: மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம், வீட்டிலேயே செய்தவர்களில் 40, மாத்திரை எடுத்தவர்களில் 47, போலி மாத்திரை எடுத்தவர்களில் 31. யாராவது நம்மை அக்கறையோடு விசாரித்துக்கொண்டே இருந்தால் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் பயிற்சி தரும் பலன் உண்மையானது, அளவில் அடக்கமானது.

இதற்கு நேரெதிரான சான்றை முதியோர் நலம் பேசுகிறவர்கள் அதிகம் எடுப்பதில்லை. இங்கிலாந்தில் 78 முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 891 பேரை வைத்து நடந்த ஓபரா ஆய்வு 2013ல் லான்செட் இதழில் வந்தது. வாரம் இரண்டு முறை, ஓராண்டுக்கு, பயிற்சி பெற்ற இயன்முறை சிகிச்சையாளர்களே இல்லங்களுக்கு வந்து உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மனச்சோர்வு குறையவில்லை. துளியும் இல்லை. அவர்கள் மிக வயதானவர்கள், பலர் மறதி நோயாளிகள் என்று காரணம் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. டியூக்கில் நடந்தவர்கள் தாங்களாகக் கிளம்பி வந்தார்கள். முதியோர் இல்லத்தில் பயிற்சி அவர்களைத் தேடி வந்தது, மதியச் சாப்பாட்டைப் போல, மாத்திரை நேரத்தைப் போல. இரண்டிலும் தசைகள் அசைந்தன. ஒன்றில் மட்டுமே மனிதர் கிளம்பினார்.

இந்த வேறுபாடு வடசென்னைக்கு ஏன் முக்கியம் என்றால், இங்கே 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று சொன்னால் வரும் முதல் பதில் சிரிப்பு. 'நாப்பது வருசம் ஆர்பர்ல மூட்டை தூக்கினவன்கிட்ட எக்சசைஸ் பண்ணச் சொல்றியா?' நியாயமான கேள்வி. சென்னைத் துறைமுகத்துக்கு 1983ல் கன்டெய்னர் முனையம் வரும் வரை பெரும்பாலான சரக்கு மனித முதுகில்தான் இறங்கி ஏறியது. எண்ணூரில் லாரி செய்தவர்கள், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் டயரும் தீப்பெட்டியும் செய்தவர்கள், கட்டுமரம் தள்ளியவர்கள், அன்னக்கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்கள், தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் எல்லோரும் உடம்பால் வாழ்ந்தவர்கள். அசைவுதான் மருந்து என்றால் முதுமையில் இவர்களைவிட மனத்தெம்பு உள்ளவர்கள் இருக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அசைவு உடலுக்கு நல்லது என்று உலகுக்கு நிறுவியதில் துறைமுகத் தொழிலாளர்களுக்கே பங்கு உண்டு. 1953ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ், நாளெல்லாம் உட்கார்ந்திருந்த பேருந்து ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். பிறகு ரால்ஃப் பாஃபன்பார்கர், சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் 6,351 தொழிலாளர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கடும் வேலை செய்தவர்களுக்கு மாரடைப்பு மரணம் குறைவு என்று 1975ல் எழுதினார். உடற்பயிற்சி அறிவியலின் அடித்தளக் கற்களில் ஒன்று சரக்கு மூட்டை.

ஆனால் அண்மை ஆய்வுகள் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டன. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு, கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2021ல் சொன்னது: ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களின் ஆயுள் கூடுகிறது, வேலையில் உடலை வருத்துகிறவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, இடர்தான் கூடுகிறது. மனநலத்திலும் இதே பிளவைப் பார்க்கலாம். உடலசைவை வேலை, வீடு, பயணம், ஓய்வு எனப் பிரித்துப் பார்த்து 2017ல் வெளியான தொகுப்பாய்வில், ஓய்வுநேர அசைவு நல்ல மனநிலையோடு சேர்ந்து வந்தது. வேலையின் அசைவு சேரவில்லை.

காரணம் உடலிலும் இருக்கிறது, அதிகாரத்திலும் இருக்கிறது. வேலையில் எட்டு மணி நேரம் தூக்குகிறோம், இடையில் இதயம் இளைப்பாற நேரமில்லை. ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியே நிற்கிறது. பயிற்சியில் அரை மணி நேரம் வியர்க்கிறோம், பிறகு உட்காருகிறோம். வேலையில் எப்போது தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறார். பயிற்சியில் நாம். மனசைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது என்று நினைக்கிறேன். உழைப்பு இவர்களின் உடம்பைப் பயன்படுத்தியது. முதுமையில் முதல் முறையாக அந்த உடம்பு அவர்கள் கைக்கு வருகிறது, அதற்குள் முட்டி தேய்ந்துவிடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? 'எண்டார்பின்' என்ற சொல்லை ஜிம் விளம்பரங்கள் பிரபலமாக்கிவிட்டன. ரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழையாது என்பதால் ஆய்வாளர்கள் இப்போது வேறொரு பொருள்மீது கண் வைத்திருக்கிறார்கள். 1992ல் கண்டறியப்பட்ட அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர். நம் 'ஆனந்தம்'தான் அதில் இருக்கிறது. நினைவாற்றலுக்கும் உணர்ச்சிச் சமநிலைக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி வயதாக ஆகச் சுருங்குகிறது. 2011ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தார்கள். அவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது; உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. இவற்றோடு நல்ல தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நடந்தால் போதும் என்பதில் செய்தி ஆறுதலானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவைக் கேட்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதம். 15 ஆய்வுகளையும் 1,91,130 பேரையும் தொகுத்து 2022ல் வந்த கணக்கில், அந்த அளவை எட்டியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. அதில் பாதி செய்தவர்களுக்கே 18 சதவீதம் குறைவு. சோர்ந்தவர் நடக்க மாட்டார் என்பதும் இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும்; என்றாலும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு நிமிடம் என்பது யாரையும் பயமுறுத்தும் கணக்கல்ல.

அதே வழிகாட்டுதல் 65ஐக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியைக் கேட்கிறது. இதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, 'வாக்கிங்'கோடு நின்றுவிடுகிறார்கள். வடசென்னைக்கு இது புதிய பாடமா? தேகப்பயிற்சி சாலைகளும் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் வளர்ந்த மண் இது. 2021ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்கு முன்பே இந்தத் தெருக்களுக்குக் கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் தெரியும். அவை இளைஞர்களோடு நின்றுபோனதுதான் குறை. பாஸ்டனில் 1990ல் மரியா ஃபியாட்டரோன் தொண்ணூறை ஒட்டிய வயதுள்ள பத்து முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி தந்தார். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. வலுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று 33 சோதனைகளைத் தொகுத்த 2018 ஆய்வொன்றும் சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது பஸ்கியின் தம்பிதான். விழுந்துவிடுவோம் என்ற பயம் போனால்தான் பெரியவர் வாசற்படியைத் தாண்டுவார். வாசற்படியைத் தாண்டினால்தான் இன்னொருவரிடம் பேசுவார்.

தாண்டி எங்கே போவது? இந்தக் கேள்வியைக் கேட்காத எந்த மருத்துவ அறிவுரையும் இங்கே பாதி அறிவுரைதான்.

சென்னையில் நடைப்பயிற்சி என்றால் நினைவுக்கு வருவது மெரினா. அந்த அகன்ற மணல்வெளியை உண்டாக்கியது வடசென்னையின் துறைமுகம். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்ததும் அந்த மணல் தெற்கிலேயே தங்கியது, கடற்கரை அகன்றது, 1884ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது, குப்பங்களின் வீடுகளைத் தின்றது. இன்று அந்தக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அதன்மேல் அறுபது வயதுக் கால் நடக்க முடியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலை. அதில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை. தென்சென்னையின் நடைபாதை வடசென்னைக்கு வராமல்போன மணலில்தான் இருக்கிறது.

காற்றும் அப்படியே. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியை உயர் நீதிமன்றம் 2011ல் நிறுத்தச் சொன்னது; நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, தூசி வடக்கே நகர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'காலாற நடந்துவிட்டு வாருங்கள்' என்று சொல்வதற்கு முன் லண்டனில் நடந்த ஓர் ஆய்வைப் படிக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்த 119 பேர் ஒரு நாள் ஹைட் பூங்காவில் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். இன்னொரு நாள் டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் அதே இரண்டு மணி நேரம். பூங்காவில் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் பெற்ற பலனைச் சாலையின் புகை பெருமளவு தின்றுவிட்டது.

ஆகவே பூங்கா என்பது இங்கே மருந்துக்கடை. ராயபுரத்தில் ஒன்று இருக்கிறது, வரலாறும் உள்ளது: 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. இப்படி ஒரு பூங்கா என்ன செய்யும் என்பதற்கு இதே நகரில் சான்று உண்டு. சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு என்ற பெயரில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் திருமங்கலத்து ஆசியாட் காலனியில் சர்க்கரை நோய் பற்றிப் பேசிவந்தபோது, குடியிருப்பு மக்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். பத்தாண்டில் அந்த நடுத்தர வர்க்கத்தினரிடையே சர்க்கரை நோய் 12.4லிருந்து 15.4 சதவீதம் ஆனது. அதே ஆய்வின் இன்னொரு பகுதி, தியாகராய நகரின் ஏழைகள் வாழும் பாரதி நகர். அங்கே 6.5லிருந்து 15.3. பணம் போட்டுப் பூங்கா கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்களுக்கு அரசுதான் கட்ட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஆயாக்களுக்குக் காலை நேரம் சொந்தமில்லை: பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சிலர் விடியுமுன்பே காசிமேட்டில் ஏலம் எடுக்க நிற்க வேண்டும். அவர்கள் தமக்கென்று கிளம்பும் நாள் பௌர்ணமி. மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று கோயிலையும் ஒரே நாளில் பார்க்கும் வழக்கம். கூட்டமாகப் போவது, பேசிக்கொண்டே போவது, தானே முடிவெடுத்துப் போவது: டியூக் ஆய்வில் பலன் தந்தவை மூன்றும் இதில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் போதாது. அதிலும் இப்போது பேருந்திலும் ஆட்டோவிலும்தான் போகிறார்கள்.

2023 நவம்பர் 4ஆம் தேதி தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை. சென்னைக்கு அது பெசன்ட் நகரில் அமைந்தது. வடக்கேயும் ஒரு எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. வள்ளலார் ராமலிங்கர் சென்னையில் வாழ்ந்த காலத்தில் ஏழுகிணறு வீராசாமி தெரு வீட்டிலிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார் என்பதை இப்பகுதியில் எல்லோரும் அறிவார்கள். அந்த வழி ஏறத்தாழ அதே தூரம். மாநகராட்சி அந்த வழியில் அரை கிலோமீட்டருக்கு ஒரு பெஞ்சு போடட்டும்; புங்க மரம் நடட்டும்; முட்டி வலிக்காரர்கள் போகக்கூடிய கழிப்பறை கட்டட்டும்; ஒரு ஆயா சாலையைக் கடந்து முடிக்கும்வரை பச்சை விளக்கு எரியட்டும். காலை ஐந்து முதல் ஏழு வரை அந்தத் தெருக்களுக்குள் டிரெய்லர்களை விடாதீர்கள்.